அம்புக்குறி

இடது புருவத்துக்கு மேலே
டொக்டர் பேனையால் ஓர் அம்புக்குறி கீறினார்.
மாறிப் போகாமல் இருக்க, என்றார்.
மாறிப் போகுமா என்ன?
ஒரு பக்கம் கனகசூரியம்,
மறுபக்கம் அவித்த ஈரப்பலாக்காய் மாதிரி
மூடிக்கிடந்த வீக்கம்.
அவர் அரை மயக்கத்தில்
உப்புவெளியில் யாருக்கோ மீதிக் காசு எண்ணிக்கொண்டிருந்தார்:
இரண்டு றோஸ் பாண், ஒரு கிம்புலா பனிஸ்.

பல்லுக்கொதி என்றுதான் தொடங்கியது.
பிறகு கன்னம் விறைத்தது.
சவரத்தில் வெட்டுப்பட்டதே தெரியவில்லை என்று சிரித்தார்.
மூக்குச் சிந்திய லேஞ்சியில்
கோப்பித்தூள் போலக் கறுப்பு.
ரோட்டுப் புகை என்றேன் நான்.
முன்னால் போன பஸ் இரண்டாய்த் தெரிந்த அன்று
நிலாவெளி ரோட்டோரம் பாண் ஓட்டோவை விட்டுவிட்டு,
பாட்டைக்கூட நிற்பாட்டாமல்,
நடந்தே வந்தார்.
ஒரு மணித்தியாலம் அது தனியே பாடிக்கொண்டு நின்றதாம்.
சனம் வந்து பாணை எடுத்துவிட்டு
காசைச் சீட்டில் வைத்துவிட்டுப் போனதாம்.
கணக்கில் நூற்றைம்பது ரூபாய்தான் குறைந்தது.

சீனி நானூற்று அறுபத்தெட்டு.
மிஸ்ஸி அந்த எண்ணை
என்னிடம் கேட்பது போலச் சொன்னாள்.
எனக்குத் தெரியும்.
மூன்று கிழமையாய் அவர் ஊசியைத் தொடவில்லை.
விடியப்புறம் மூன்று மணிக்கு பேக்கரி வாசலில் நிற்கிறவன்
எந்தச் சாப்பாட்டுக்கு முன்னால் குத்துவது, என்பார்.
கிளினிக் கொப்பி
அரிசி டின்னுக்கு அடியில் கிடந்தது.
வைத்தவள் நான்.

பூஞ்சணம், என்றார் டொக்டர்.
எனக்குப் பாண்தான் நினைவுக்கு வந்தது.
விற்காமல் திரும்பிய பாணை
இடது கண்ணை மட்டும் திறந்து லைற்றுக்கு நேரே பிடிப்பார்.
பச்சை. சாம்பல். பஞ்சு.
அந்த மூலையைக் கிள்ளி எறிந்துவிட்டு
மிச்சத்தைத் தேத்தண்ணியில் தோய்ப்பார்.
அதாலா டொக்டர்?

இல்லையம்மா.
இது காற்றில் எங்கும் இருக்கிறது,
இந்த வாட்டில், உங்கள் மூக்கில், என் மூக்கில்.
தும்மிவிட்டுப் போய்விடுகிறோம்.
இனித்துப் புளித்த இரத்தம் கண்டால்
தங்கிவிடும். எலும்பையும் தின்னும்.
கண்ணைத் தாண்டினால் அடுத்த வீடு மூளை.

அடுத்த வீடு.
நான் பேனையை வாங்கினேன்.
உறவுமுறை என்று கேட்ட இடத்தில்
என் பெயரை எழுதி, வெட்டி,
மனைவி என்று எழுதினேன்.

பிறகு அந்த மருந்து.
மஞ்சள் தண்ணி. கறுப்பு உறை.
வெளிச்சம் படக்கூடாதாம்.
ஏறத் தொடங்கினால் கட்டிலே நடுங்கும்,
இரும்புக்கால் சீமெந்தில் தந்தியடிக்கும்.
பக்கத்துக் கட்டில் கிண்ணியா நூறுல்லா நானா
தன் போர்வையைத் தூக்கி எறிவார்:
போர்த்தி விடுங்கோ தங்கச்சி, எனக்கு வேர்க்குது.
அவருக்கு வேர்க்கவில்லை.
அவருக்கும் சீனிதான். வலது பாதம் போன கிழமை போனது.

வெளி லாப்புக்குத் தந்த துண்டை
பஸ் நிலையத்து மான் ஒன்று
என் கையிலிருந்தே இழுத்துத் தின்றது.
நடுரோட்டில் அந்த மானோடு சண்டை பிடித்தேன்.
அன்றைக்குத்தான் முதல்தரம் அழுதது.

கட்டு அவிழ்த்தபோதும் அம்புக்குறி இருந்தது.
ஸ்பிரிட்டுக்கும் போகவில்லை.
ஒன்றுமில்லாத இடத்தைக் காட்டிக்கொண்டு
இன்னும் நாலு நாள் நின்றது.

இப்போது ஓட்டோ நான் ஓட்டுகிறேன்.
விடிய விரலில் குத்தினால்
முகத்தை முழுக்கத் திருப்பி வலது கண்ணால் பார்ப்பார்.
நூற்று முப்பத்தொன்று.
சரி, பாட்டைப் போடு.

இரவில், திரும்பிய பாணை என்னிடம் நீட்டுகிறார்.
லைற்றுக்கு நேரே பிடி. நீ பார்.
பிடிக்கிறேன்.
ஒன்றும் தெரியவில்லை.
முழுப் பாணையும் எறிகிறேன்.